இருபத்துநான்கு குச்சிகள்

எந்தத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனாலும் கிளெனிஸ் ராட்வெல் கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு முதலில் பூட்ஸைக் கழுவுவாள். அகலமான ஒரு தட்டில் ப்ளீச் கலந்த தண்ணீர், ஒரு கம்பிப் பிரஷ், அடிப்பக்கப் பள்ளங்களில் ஒட்டிய மண்ணைக் குத்தி எடுக்க ஒரு ஆணி. ஜூன், ஜூலை எங்களுக்குக் குளிர்காலம்; புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். நாங்கள் மற்ற ஐந்து பேரும் உள்ளே போய் முதல் வரிசைக் கொடிகளுக்குக் கவாத்து செய்து முடித்திருப்போம். அவள் அப்போதுதான் இரண்டாவது பூட்ஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் பக்கத்து நிலத்துக்காரன் கெல்வின் டார்கெட் ஒரு முறை தன் வேலியில் சாய்ந்தபடி, "உள்ள வர உத்தேசம் உண்டா, இல்ல கேட்டுலயே குடித்தனமா?" என்று கேட்டான். அவள் ஆணியை அடுத்த பள்ளத்துக்கு நகர்த்தினாள்.

பிறகு அதையே திராட்சை விவசாயிகள் சங்கம் பெருமையாக எடுத்துக்கொண்டது. எங்கள் தீவுக்கு வேர்ப்பேன் வந்ததில்லை. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத மஞ்சள் பூச்சி அது. வேரைக் கடித்துக் கொடியை ஏழெட்டு ஆண்டுகளில் கொன்றுவிடும். மருந்து கிடையாது. கடலுக்கு அப்பால் பெருநிலத்தில் சில பள்ளத்தாக்குகளில் அது இருக்கிறது. எங்கள் கொடிகள் பெரும்பாலும் பேனைத் தாங்கும் வேரில் ஒட்டுக் கட்டாமல் தங்கள் சொந்த வேரில் நிற்பவை. பேன் வந்தால் போனதுதான். ஆகவே சங்கம் ஒரு கூட்டம் போட்டு, காலணிச் சுத்தம் எப்படி இருக்க வேண்டும் என்று கிளெனிஸைச் செய்து காட்டச் சொன்னது. அவள் மேடையில் நின்று கழுவிக் காட்டினாள். படம் எடுத்துச் சங்கத்தின் மாதத் தாளில் போட்டார்கள். அன்று கை தட்டியவர்களில் நானும் ஒருவன்.

அந்தப் பேன் ஒருவேளை தன் கொல்லையிலேயே இருக்கலாம், அதை அங்கே கொண்டுவந்தது தானே என்ற பயத்தில்தான் அவள் கழுவுகிறாள் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது.

ஸ்காட்ஸ்டேல் பக்கம் உருளைக்கிழங்கு வயலில் கூலி வேலை செய்தவரின் மகள் அவள். இருபத்திரண்டு வயதில் கவாத்துக் கத்தரியைப் பிடித்தாள். அதன் பிறகு கையில் வேறு கருவி தங்கவில்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் முடிய, குளிரோடு சேர்ந்து தீவின் வடக்கிலிருந்து தெற்குக்கு இறங்குவாள். முதலில் எங்கள் பைப்பர்ஸ் ரிவர். சிவப்பு மண், கடல் காற்று, ஈரத்தில் கொடிகள் கட்டுக்கடங்காமல் ஓடும். அடுத்து டேமார் ஆற்றங்கரை. அங்கே கொஞ்சம் இதம், குச்சிகள் கனமாகவும் சீராகவும் இருக்கும். பிறகு மழை குறைந்த கிழக்குக் கரை. அதன் பின் ஹோபார்ட் பக்கத்து கோல் ரிவர்; வறண்ட பூமி, பென்சில் தடிமனில் குச்சிகள். டெர்வென்ட். கடைசியாக ஹியூவான், தீவிலேயே குளிர்ந்த மூலை. கண்ணை மூடிக்கொண்டு குச்சியை முறித்தால் எந்தப் பள்ளத்தாக்கு என்று சொல்லிவிடுவாள் என்று பேச்சு உண்டு. நாங்கள் சோதித்துப் பார்த்தபோது பத்துக்கு ஆறு சரியாகச் சொன்னாள். ஆறு என்பது குறைவில்லை. பேச்சு சொன்ன அளவுக்கும் இல்லை.

ராட்வெல் என்பது புருஷன் வைத்துவிட்டுப் போன பெயர். அவன் வெயில் வேண்டும் என்று குவீன்ஸ்லாந்துக்குப் போனவன், திரும்பவில்லை. பைப்பர்ஸ் ரிவரில் கெல்வினின் நிலத்தை ஒட்டி வீடும், வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கரும் அவளுக்கு இருந்தன. அதில் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை இரண்டு வரிசை நட்டிருந்தாள். ரீஸ்லிங் தோல் தடித்தது, மே மாதம் வரைகூடத் தாங்கும். ஆனால் அவள் ஆசைப்பட்டது பினோ நுவார் என்ற கருந்திராட்சை மேல். எங்கள் பக்கத்தில் அது எளிதான ஆசை இல்லை. நுரைக்கும் ஒயினுக்கு என்றால் மார்ச்சில் புளிப்போடு அறுத்துக் கொடுத்துவிடலாம். சிவப்பு ஒயினுக்கு என்றால் பழுக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஏப்ரல் பிறந்தால் மழை காத்திருக்காது. நெருக்கமான குலைக்குள் ஈரம் போனால் நான்கே நாளில் சாம்பல் பூஞ்சை. இங்கே பினோ வைத்தவன் ஒவ்வொருவனும் ஆண்டுதோறும் பத்து நாளுக்காக ஏங்குகிறவன்.

1999 குளிர்காலத்தில் கிளெனிஸ் கப்பலேறிப் பெருநிலத்து விக்டோரியாவுக்குக் கவாத்து வேலைக்குப் போனாள். அங்கே ஒரு பழைய தோட்டத்தில் ஒரே ஒரு வரிசை பினோ, எந்த வகை என்று யாருக்கும் தெரியாதது. மற்றவற்றை விடப் பத்து நாள் முன்னால் பழுக்கும் என்றார்கள். அதன் குலைகள் காற்று நுழைகிற அளவுக்குத் தளர்வாக இருக்குமாம். அடுத்த வாரம் அதைப் பிடுங்கப் போவதாக முதலாளி சொன்னார். ஏனென்றால் அது செத்துக்கொண்டிருந்தது. வேரில் பேன்.

முறையான வழி ஒன்று இருந்தது. அது அவளுக்குத் தெரியும். விண்ணப்பம், அதிகாரிகளின் சோதனை, தனிக் கூடத்தில் இரண்டு ஆண்டு காவல். வரிசைக்கு இருந்ததோ ஒரு வாரம். பேன் வேரில் இருப்பது, நான் எடுப்பது கொடியின் தலையிலிருந்து என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். அது முக்கால்வாசி உண்மை. குச்சிகளிலும் முட்டை இருக்கலாம் என்பது மீதிக் கால்வாசி. இருபத்துநான்கு குச்சிகளை ஈரச் செய்தித்தாளில் சுற்றி, படுக்கைப் பைக்குள் உருட்டி வைத்தாள். துறைமுகத்தில் சோதனைக்காரர் பழம், செடி ஏதும் உண்டா என்று கேட்டபோது, சாப்பிட வைத்திருந்த ஆப்பிளை எடுத்து நேர்மையாகக் கொடுத்தாள். அவர் நன்றி சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டியதையும் அவள் அறிந்திருந்தாள். ஐம்பது டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் அமிழ்த்தி வைத்தால் பேனும் முட்டையும் சாகும். குச்சி பிழைக்கும். ஜாம் காய்ச்சும் அண்டாவில் குச்சிகளை அமிழ்த்தி அடுப்பில் ஏற்றி, ஜாம் காய்ச்சும் வெப்பமானியை அதில் தொங்கவிட்டாள். நாற்பத்தேழு காட்டும்போது கெல்வின் கதவைத் தட்டினான். அவனுடைய ஆடுகள் வேலியைத் தாண்டிச் சாலைக்குப் போய்விட்டன; ஆள் வேண்டும். போகாவிட்டால் அவன் உள்ளே வந்துவிடுவான், அண்டாவைப் பார்த்துவிடுவான். அவள் போனாள். திரும்பி வர முக்கால் மணி ஆயிற்று. வரும்போது திறந்த கதவு வழியாக வந்த காற்றில் அடுப்பு அணைந்திருந்தது. தண்ணீர் நாற்பத்தொன்று.

நடுவில் அது எங்கே போய் எவ்வளவு நேரம் நின்றது என்று யார் சொல்ல முடியும்? மறுபடி சூடாக்கினால் மொட்டுகள் வெந்துபோகலாம். பேன் செத்திருக்கும் என்பதும் நம்பிக்கை, மொட்டு பிழைக்கும் என்பதும் நம்பிக்கை. இரண்டில் ஒன்றைத்தான் சோதிக்க முடிந்தது. அவள் மொட்டைத் தேர்ந்தாள். குச்சிகளை நட்டாள். பத்தொன்பது துளிர்த்தன.

சில ஆண்டுகளில் அவற்றிலிருந்தே பெருக்கி ஆறு வரிசை ஆக்கினாள். பழம் உண்மையிலேயே பத்து நாள் முந்தியது. மார்ச் கடைசிக்குள் அறுத்துவிடுவாள். டேமாரில் ஒரு சிறிய ஒயின்காரர் வாங்கிக்கொண்டார். என்ன வகை என்று கேட்டபோது பழைய பினோ என்றாள். அதை அவள் அனுபவித்தாளா என்றால், இல்லை. ஒவ்வொரு ஜனவரியிலும் மண்வெட்டியால் வேரைத் தோண்டி, பூதக்கண்ணாடியால் ஒவ்வொரு இழையாகப் பார்ப்பாள். ஒன்றும் இருக்காது. அந்த வேரில் இல்லை என்றுதான் அதற்கு அர்த்தம். அடுத்த வேர் மண்ணுக்குள் இருந்தது. கொல்லையிலிருந்து ஒரு சுள்ளி வெளியே போக விடமாட்டாள்; கவாத்து செய்த குச்சியையெல்லாம் அங்கேயே தகர டிரம்மில் போட்டு எரிப்பாள். தன் தொழில் அவளைத் தீவின் ஆறு பள்ளத்தாக்குகளுக்கும் கொண்டுபோனது. ஒரு பேனுக்கு அதைவிட நல்ல வண்டி கிடைக்காது. வேலையை விட்டிருக்கலாமே என்று பின்னால் நான் கேட்டேன். விட்டால் ஏன் என்று கேட்பார்களே என்றாள்.

பன்னிரண்டு ஆண்டு இப்படியே போயிற்று. பிறகு கெல்வினுக்கு அடுத்தடுத்து மூன்று கெட்ட ஏப்ரல் வந்தது. அவனுக்குப் பதினைந்து ஏக்கர் பினோ, ஒரே ஒரு ஒயின் ஆலையோடு ஒப்பந்தம். முதல் ஆண்டு பாதி அழுகியது. இரண்டாம் ஆண்டு முக்கால். மூன்றாம் ஆண்டு மழை விட்ட ஒரு காலையில் வேலிக்கு வந்து ஒரு குலையை அவள் கையில் வைத்தான். சாம்பல் நிறத்தில் உரோமம் படர்ந்திருந்தது.

"நீ எப்போ அறுத்த?"

"இருபத்தெட்டாம் தேதி."

"இன்னும் பத்து நாள் போகட்டும்னு நின்னேன். பத்துல எட்டு நாள் மழை. ஒரு கட்டு குச்சி குடு கிளெனிஸ். புதுசா வச்சுப் பார்க்கறேன்."

"முடியாது."

"ஏன்?"

"அது நல்ல கொடி இல்ல கெல்வின்."

"நல்லா இல்லாததாலதான் வருஷா வருஷம் எனக்கு முன்னாடி பழுக்குதாக்கும்."

அவள் அந்தக் குலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அதை வேலிக் கம்பத்தின் மேல் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். அவன் அதைக் கஞ்சத்தனம் என்று எடுத்துக்கொண்டான். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். அந்த வாரம் பப்பில் அவன் சொன்னது ஊர் முழுக்கச் சுற்றியது: "அவகிட்ட உப்பு கேட்டாக்கூட ப்ளீச்ல கழுவிட்டுத்தான் குடுப்பா."

ஆனாலும் கவாத்து முறை மாறவில்லை. அவர்களுக்குள் அது பழைய ஏற்பாடு: ஜூன் தொடக்கத்தில் அவள் அவன் கொடிகளை வெட்டுவாள், ஜூலைக் கடைசியில் அவள் ஹியூவானில் இருக்கும்போது அவன் வந்து அவளுடைய எட்டு வரிசையை வெட்டி வைப்பான். கூலி கிடையாது. வெட்டிய குச்சிகளை வரிசை நடுவில் போட்டுவிடுவான். எரிப்பது அவள் வேலை.

அந்த ஆகஸ்டில் அவள் தெற்கிலிருந்து திரும்பி, பையை இறக்கிவிட்டுக் கொல்லைக்குப் போனாள். நேர்த்தியான வேலை. ரீஸ்லிங் வரிசைகளுக்கு நடுவில் குச்சிகள் சிதறிக் கிடந்தன. பினோ வரிசைகளுக்கு நடுவில் புல் மட்டும் இருந்தது. ஆறு வரிசையிலும் ஒரு குச்சி இல்லை.

அவள் வேலியைத் தாண்டி நேராக கெல்வினின் கொட்டகைக்கு நடந்தாள். மீன் பெட்டிகளில் ஈர மணல், மணலுக்குள் வேர் கிளம்பத் தலைகீழாகப் புதைத்த கட்டுகள். எண்ணூறு குச்சிக்குக் குறையாது. அவன் மர முக்காலியில் உட்கார்ந்து பெட்டிக்கு அட்டை எழுதிக்கொண்டிருந்தான்.

"வந்துட்டியா. திட்டு. திட்டி முடிச்சதும் டீ போடறேன்."

அவள் திட்டவில்லை. எதிரே கவிழ்த்த பக்கெட்டில் உட்கார்ந்து, செத்துக்கொண்டிருந்த வரிசையிலிருந்து தொடங்கிச் சொன்னாள். படுக்கைப் பை, ஆப்பிள், அண்டா. அவள் முடித்ததும் அவன் ஒரு குச்சியை உருவி அடிப்பக்கத்தைப் பார்த்தான். வேர் விடப்போகும் இடத்தில் வெள்ளையாகப் புடைத்திருந்தது.

"தண்ணி எத்தனை டிகிரி போச்சு?"

"தெரியாது."

"எவ்வளவு நேரம்?"

"தெரியாது. ஆடு ஓடிப்போச்சுன்னு நீ வந்து கூப்பிட்ட."

"அப்போ இதுவும் என் தலையிலயா?"

"இல்ல. கேட்ட, சொன்னேன்."

அவன் எழுந்து கொட்டகைக் கதவைச் சாத்தினான். அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை, இருந்தாலும் சாத்தினான். எல்லாவற்றையும் இன்றே எரித்துவிடலாம் என்றான். அவள் கொடிகளையும் இருவரும் சேர்ந்து பிடுங்கிவிடலாம், யாராவது கேட்டால் ரீஸ்லிங் வைக்கப் போவதாகச் சொல்லலாம், தான் சாகும்வரை வாய் திறக்கப் போவதில்லை. பதினைந்து வருடமாக ஒரு கொடிகூடச் சாகவில்லையே. பேன் இருக்கிறது என்று யார் சொன்னது?

"இல்லன்னு யார் சொன்னா?" என்றாள் கிளெனிஸ்.

"அதிகாரிங்ககிட்ட நீ போய்ச் சொன்னா உன்னோட நிறுத்துவாங்களா? என் மண்ணுல எத்தனை வருஷமா நடக்கற நீ? என் கேட்டையும் பூட்டுவாங்க. ஒரு பழம் வெளிய போகாது. மூணு வருஷம் அழுகலுக்கு அப்புறம் நாலாவது வருஷம் எனக்குக் கிடையாது, புரியுதா?"

"புரியுது."

"புரிஞ்சும்?"

"என் கொல்லையில இருந்த வரைக்கும் இது என் பயம்னு இருந்துட்டேன். இப்போ உன் மணல்ல எண்ணூறு நிக்குது. நல்லா பழுத்தா நாலு பேர் கேப்பாங்க. நீ என்னை மாதிரி இல்ல, குடுத்துடுவ."

அவன் மறுபடி முக்காலியில் உட்கார்ந்தான். பிறகு, குச்சியைத் திருடியவன் நான்தானே, அதற்காகக் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன், இதை மட்டும் செய்யாதே என்றான். டீ போடப்படவில்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பயிர்ப் பாதுகாப்பு அலுவலகம் திறந்ததும் அவள் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

துணிச்சல் என்று சிலர் சொன்னார்கள். பதினைந்து ஆண்டு தாமதமாக வந்ததற்கு அந்தப் பெயர் பொருந்துமா என்று எனக்குத் தெரியவில்லை. கோழைத்தனமும் அல்ல அது. ஒருவர் தன் தவறைத் தானே சுமந்துகொண்டிருக்கும்வரை அதை ஒரு தண்டனை என்றே நினைத்துக்கொள்ள முடிகிறது. அடுத்தவர் மணலில் பார்க்கும்போதுதான் அது வெறும் தவறாகத் தெரிகிறதோ என்னவோ.

ரூத் ஓல்டாக்கர் என்ற அதிகாரி வெள்ளை மேலங்கி அணிந்த மூவரோடு வந்தார். அவள் வேலை செய்த முப்பத்தொரு தோட்டங்களின் பட்டியலைக் கேட்டார். கிளெனிஸ் தாளைப் பார்க்காமல் சொன்னாள். எல்லாக் கேட்டுகளிலும் தடைப் பலகை தொங்கியது. தொலைவில் இருந்த தோட்டங்களை ஒரே கோடையில் சோதித்து விட்டுவிட்டார்கள். குச்சிகள் போய்ச் சேர்ந்த கெல்வினின் நிலத்துக்கும் அவள் கொல்லைக்கும் இரண்டு கோடை என்றார்கள். கொடிகளைத் தானே வெட்டலாமா என்று அவள் கேட்டாள். அனுமதித்தார்கள். தரையோடு வெட்டினாள், ஆறு வரிசையையும், ஒரு நாளில். பெரிய ரம்பம் தருகிறோம் என்றதை வாங்கவில்லை. பிறகு அவர்கள் வேரைத் தோண்டி மேலே எடுத்து அங்கேயே கொளுத்தினார்கள். பச்சை வேர் எளிதில் பற்றவில்லை. மூன்று நாள் புகைந்தது.

யாரும் அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை. திட்டியவர்கள் குறைவு. பெரும்பாலானவர்கள், இந்த ஆண்டு ஆள் போதும் என்று மரியாதையாகச் சொன்னார்கள். நானும் அப்படிச் சொன்ன ஒரு முதலாளியிடம் வேலை செய்துகொண்டிருந்தேன், வாய் திறக்கவில்லை. பிரிட்போர்ட்டில் வெங்காயம் தரம் பிரிக்கும் கூடத்தில் சேர்ந்தாள். பெல்ட்டில் ஓடிவரும் வெங்காயத்தில் அழுகலைப் பொறுக்கி எறியும் வேலை. அதில் அவள் கெட்டிக்காரி என்று கேள்வி.

கெல்வின் சொன்னது அப்படியே நடந்தது. அடுத்து வந்த ஏப்ரலில் மழையே இல்லை. அவன் பினோ மொத்தமும் நன்றாகப் பழுத்தது, நாங்கள் அந்தப் பக்கம் பல ஆண்டுகளாகக் காணாத பழம். வெளியே கொண்டுபோக அனுமதி இல்லை. ஒயின் ஆலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. பறவைகளைத் தடுக்கக் கட்டியிருந்த வலையை அவிழ்த்துவிட்டான். ஒரு வாரம் அந்த வானமெல்லாம் வெள்ளைக்கண்ணிக் குருவிகள். கிளெனிஸ் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததாக என்னிடம் சொன்னாள். ஜன்னலை மூடினால் சத்தம் குறையும், ஆனால் மூடுவது நியாயமாகப் படவில்லை என்றாள்.

இரண்டாவது பிப்ரவரியில் ஓல்டாக்கர் தபாலில் அனுப்பாமல் தானே காகிதத்தோடு வந்தார். சமையலறை மேசையில் வைத்தார். இரண்டு இடத்திலும் வேர்ப்பேன் கண்டறியப்படவில்லை.

"அப்போ இல்லன்னு அர்த்தமா?" என்று கேட்டாள் கிளெனிஸ்.

"கண்டறியப்படலைன்னு அர்த்தம். அவ்வளவுதான் எங்களால எழுத முடியும். நீங்க நிம்மதியா இருக்கலாம்."

"எப்பவாவது இருந்திருக்குமா?"

"அதை இனிமே யாராலயும் சொல்ல முடியாதுங்க."

அவர் போன பிறகு காகிதத்தை எடுத்துக்கொண்டு கெல்வின் வீட்டுக்குப் போனாள். ஒன்றரை ஆண்டில் முதல் முறை. வாசலில் லாரி நின்றது. நிலத்தை ஆடு மேய்ப்பவர் ஒருவருக்கு விற்றுவிட்டான். கொடிகளைப் பிடுங்கிப் புல் போடப் போகிறார்கள். லான்செஸ்டனில் அக்காள் வீட்டுப் பின்பக்க அறைக்குப் போகிறான். அவனுக்கும் காகிதம் வந்திருந்தது. லாரியின் முன்கண்ணாடிக்குள் கிடந்தது.

"ஒண்ணும் இல்லையாமே," என்றான்.

"ஆமா."

"நீ வாய மூடிட்டு இருந்திருந்தா இன்னைக்கு நான் இங்க வேலை பார்த்துட்டு இருந்திருப்பேன்."

"இருந்திருப்ப."

அவள் மன்னிப்பு கேட்பாள் என்று அவன் காத்திருந்தானோ, வாதாடுவாள் என்று காத்திருந்தானோ. அவள் இரண்டும் செய்யவில்லை. லாரிக்குப் பக்கத்தில் சாப்பாட்டு மேசை நின்றது. யூகலிப்டஸ் மரத்தில் செய்தது, ஒற்றை ஆளால் தூக்க முடியாதது. அவன் ஒரு முனையைப் பிடித்து இரண்டு முறை முயன்றான். மூன்றாவது முறை கிளெனிஸ் மறுமுனையைப் பிடித்தாள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. இடது பக்கம் கொஞ்சம் சாய் என்று மட்டும் சொன்னான். ஏற்றினார்கள். கயிற்றை அவனே கட்டிக்கொண்டான்.

லாரி சாலையில் திரும்பும்வரை அவள் நின்றாள். பிறகு வீட்டுக்குப் போனாள். பிற்பகல் இரண்டு மணிக்கு வெங்காயக் கூடத்தில் அவளுடைய வேலை முறை.